நூலில் காய்த்த டபுள் பீன்ஸ்

என் தங்கை நஃபீஸத்தை ரசீத் என்பவருக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துவர, வைகாசி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பீர் முகம்மது மாமாவும் வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். எங்கள் வாப்பா மௌத்தான பிறகு இந்த மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் உம்மாவின் அண்ணனான இந்த மாமாதான் முன்னால் நிற்பவர். வள்ளியூர்ச் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இருக்கும் கத்தரிக்காயில் சொத்தை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அந்த மூக்கு வேலை செய்வதில்லை. புரோக்கர் "நல்ல குடும்பம்" என்று சொன்னால் அவருக்கு அது போதும்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பெண் வீட்டார் டீ, சர்பத் வரைக்கும் குடிக்கலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதன் பிறகு வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லி மாற்றவும் முடியாது. ஆகவே அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் நாங்கள் சாப்பிடுகிறோமா, இல்லையா. மாமா பஸ் ஏறும்போதே சாப்பிடும் முடிவில் இருந்தார். காலையில் ஒரே ஒரு இட்லியோடு அவர் எழுந்துகொண்டதிலிருந்தே எனக்கு அது தெரிந்துவிட்டது.

நஃபீஸத் வள்ளியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்த நிபந்தனை. அவள் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. "நீ பாத்துட்டு வா லாத்தா. நீ சரின்னா எனக்குச் சரி" என்று மட்டும் சொன்னாள். இப்படிச் சொல்பவர்களைவிடச் சண்டை போடுகிறவர்கள் மேல்.

மாப்பிள்ளையைப் பற்றி. சவூதியில் தமாமில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. மாடியில் தோட்டம் போட்டு, அதை வீடியோ எடுத்து, 'ரசீத்தின் பசுமைப் பந்தல்' என்று ஒரு சேனல் நடத்துகிறார். புரோக்கர் வாயில் இது "விவசாயத் தொழில்" ஆகியிருந்தது. எந்தக் காரியத்தையும் முதலிலிருந்து பார்ப்பது என் பழக்கம். அந்த வீடியோக்களையும் அப்படியே முதலாவதிலிருந்து கடைசி வரை வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் "மக்களே" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பாதி வீடியோ தோட்டத்தில் இருக்கும். மீதிப் பாதி அவருடைய முகத்தில் இருக்கும். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெட்டியதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதிகம் பேர் பார்த்த வீடியோ டபுள் பீன்ஸைப் பற்றியது. கொடியிலிருந்து ஒரு காயைப் பறித்துப் பிளந்து, உள்ளே இருக்கும் பச்சைப் பயறை வாயில் போட்டு மென்று காட்டுகிறார். "மக்களே, இயற்கை குடுத்ததை நெருப்புல போட்டுக் கொல்லாதீங்க. பச்சையாவே திங்கலாம். சமைச்சே ஆகணும்னா அஞ்சு நிமிஷம், அதுவும் மூடி போட்டு. தண்ணியக் கொட்டாதீங்க, சத்தெல்லாம் அதுலதான் இருக்கு."

எங்கள் வீட்டு மாடியிலும் டபுள் பீன்ஸ் கொடி நிற்கிறது. கறிக்கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கறி வாங்கத் தெரிவது போல எனக்கு அதைச் சமைக்கத் தெரியும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தப் பயறைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் ஒரு விஷச் சத்து உண்டு. காய்ந்த பயறானால் ராத்திரி ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டி, மூடி போடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீரில் பூப்போல வேகவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு புரட்டும், தலை சுற்றும். இவர் சொன்னதைக் கேட்டு எத்தனை வீட்டில் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்களோ தெரியாது. வீடியோவின் கீழே வரிசையாக இதயப் படங்கள்தான் இருந்தன. மென்றதை அவர் விழுங்கினாரா என்றும் தெரியாது. மெல்லும்போதே படம் முடிந்துவிடுகிறது.

பாளையங்கோட்டை வீட்டில் ரசீத் வாசலிலேயே நின்றார். சலாம் சொன்னார். ஒரு கையில் குச்சியில் மாட்டிய போன். அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, வெயில்ல வந்திருக்கிய. மொதல்ல சர்பத் குடிங்க. நானும் ஒண்ணு குடிக்கேன், தொண்டை காயுது" என்றார். எலுமிச்சை சர்பத் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு குடித்து முடித்தார்.

அவருடைய உம்மா ஜுபைதா பீவி அடுப்படி வாசலில் முகம் காட்டி, என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வாப்பா இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. வீட்டில் இரண்டே பேர்.

"மத்தியானம் இங்கனதான் சாப்பாடு" என்றார் ரசீத். "நெய்ச்சோறும் கறிச் சால்னாவும். சால்னாவுல நம்ம பந்தல் டபுள் பீன்ஸ். முன்னாடியே சொல்லிட்டேன், வேண்டாம்னு சொல்லப்படாது."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பசித்தவர் சிரிப்பு.

"முதல்ல தோட்டத்தப் பாத்துருவோம்" என்றேன்.

மாடியில் சவுக்குக் கம்பு நட்டு, கம்பி இழுத்து, நைலான் வலை கட்டி நல்ல பந்தலாகத்தான் போட்டிருந்தது. மண் நிரப்பிய பைகளிலிருந்து கொடிகள் கம்பைச் சுற்றி ஏறி மேலே பரந்திருந்தன. இலை அடர்த்தி. பந்தல் முழுக்கப் பட்டை பட்டையாகக் காய், பிறை போல வளைந்து தொங்கியது. மாமா வாயைப் பிளந்தார்.

நான் முதலில் தரையைப் பார்த்தேன். தரை முழுக்கப் பூ. வெளிறின சின்னச் சின்னப் பூக்கள், பொரி கொட்டியது போலக் கிடந்தன. வெயில் காலத்தில் இந்தக் கொடி அப்படித்தான். பூக்கும், சூடு தாங்காமல் உதிர்த்துவிடும். ஐப்பசி மழை விழுந்து காற்று குளிர்ந்த பிறகுதான் காய் பிடிக்கும். அப்படியிருக்க இங்கே பூவெல்லாம் கீழே, முற்றின காயெல்லாம் மேலே. நடுவில் பிஞ்சு என்று ஒன்றுகூட இல்லை. ஒரு தெருவில் குழந்தைகளே பிறக்காமல் கிழவர்கள் மட்டும் குடிவந்தது போல இருந்தது.

கையை நீட்டி ஒரு காயின் காம்பைத் திருப்பினேன். பச்சை நூல். இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பக்கத்துக் காயிலும் நூல். அதற்கடுத்ததிலும் நூல்.

ரசீத் பந்தலின் அந்தப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "மக்களே, இன்னைக்கு நம்ம தோட்டத்துக்கு முக்கியமான விருந்தாளிக வந்திருக்காவ."

"மாமா, நூலு" என்றேன்.

மாமா ஒரு காயை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுக்கின இடம் துவண்டது. பறித்து நாளான காய் எது என்று சந்தையில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏளா, எனக்குக் கண்ணு இல்லையா?" என்றார் மெதுவாக. "கொடைக்கானல் சரக்கு. நம்ம கடைக்கு வாரது இதேதான்."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ. தக்காளிப் பெட்டியில மேலாப்புல நல்லதா நாலு வரிசை அடுக்குதோம்லா, அது மாதிரி. வியாபாரம்னா இருக்கத்தான் செய்யும்."

"என் தங்கச்சி என்ன, பெட்டி தூக்கிட்டுப் போக வந்தவளா?"

"பைய பேசு. ஆளு திரும்பிப் பாக்குதான்" என்றவர், சத்தமாக, "நல்ல காய்ப்பு மாப்ளே. மாஷா அல்லாஹ்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு ரசீத்தைவிட மாமாமேல்தான் அதிக வெறுப்பு வந்தது. ஒருவன் ஏமாற்றுகிறான், அது அவன் புத்தி. ஏமாற்றுகிறான் என்று தெரிந்தே மாஷா அல்லாஹ் சொல்கிறவரை எந்த வகையில் சேர்ப்பது.

கீழே இறங்கியதும் மதிய லுஹர் தொழுகைக்கு ஆண்கள் இரண்டு பேரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நான் அடுப்படிக்குப் போனேன்.

ஜுபைதா பீவி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் கறி தனியாக, பயறு தனியாக. பயறுச் சட்டிக்கு மூடி இல்லை. வெள்ளைப் பயறு, பெரிய பெரிய பயறு, நன்றாக ஊறித் தோல் சுருங்கிக் கிடந்தது. தண்ணீர் கொதித்து நுரை கட்டியதும் எழுந்து, துணியால் சட்டியைப் பிடித்து, தொட்டியில் சாய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"ஒதவி செய்யட்டா மாமி?"

"உக்காரு. மேல பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன பாத்தே?"

காம்பில் முடிச்சுப் போடுவது போல விரலைச் சுற்றிக் காட்டினேன்.

"அந்த நூலு என் தையல் பெட்டியில உள்ளது" என்றார்கள். "ரவிக்கைக்கு ஓரம் அடிக்கணும்னு தேடிக்கிட்டுக் கெடக்கேன். பந்தல்ல தொங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை.

"தோட்டம் யாரு போட்டது மாமி?"

"ஊருக்கு அவன் போட்டது. மண்ணு சொமந்தது நான். குழாயில ஆத்துத் தண்ணி வார நேரம் பாத்துக் கொடம் கொடமா மாடிக்குத் தூக்குனது நான். மார்கழியில காய்ச்சது அம்புட்டையும் பறிச்சு உரிச்சு ஒணத்தி வச்சேன். இந்தப் பயறு அதுதான். இது மட்டுந்தான் இந்த வீட்டுல நெசம்."

"அவங்க ஒண்ணுமே செய்யலையா?"

"வெளக்குப் புடிச்சான். எனக்கு இல்ல, அவன் மூஞ்சிக்கு."

பயறு மறுபடி கொதிக்க ஆரம்பித்தது. ஒரு பயறை எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். நசுங்கவில்லை.

"உன் தங்கச்சி என்ன வேலை பாக்கா?"

"ரத்தம் எடுத்துப் பரிசோதனை பண்ணுத எடத்துல."

"சம்பளத்த அவ கையில வாங்குதாளா?"

"ஆமா."

"அந்த வேலையத்தான விடச் சொல்லிருக்கான். ஏன்னு கேட்டியளா?"

"வீட்டப் பாத்துக்கணும்னு புரோக்கர் சொன்னாவ."

"வீட்டப் பாக்க நான் இருக்கேன். எனக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியல. மண்ணு சொமக்க ஆள் வேணும், அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. வீடியோவுல வெதை போடுதது, பயறு உரிக்குதது எல்லாம் என் கையிதான் வரும். கையி மட்டும். சுருக்கமா இருக்காம், பாக்குதவுகளுக்குப் புடிக்கலையாம். வளையல் போட்ட இளங்கையி வேணுமாம்."

அவர்கள் இரண்டு கையையும் என் முன்னால் ஒரு தடவை விரித்துக் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"பெத்த பிள்ளைய இப்படிச் சொல்லுதியளே மாமி."

"பெத்ததுனாலதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். கடையில வாங்குனதா இருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன்."

"அப்போ எங்கள ஏன் வரச் சொன்னிய?"

"நான் எங்கன சொன்னேன். ஒங்க மாமாவும் புரோக்கரும் பேசி முடிச்சு, நெய்ச்சோறு ஆக்குன்னு எனக்குச் சேதி வந்துச்சு. ஆக்குதேன். என்னயக் கேக்கவும் ஆளில்ல, நான் சொன்னாக் கேக்கவும் ஆளில்ல. நீ அடுப்படிக்கு வந்ததுனால சொல்லுதேன். வராம கூடத்துலயே உக்காந்திருந்தா நீயும் ஒங்க மாமா மாதிரின்னு விட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுப் பயறு அடுப்பைத் திருகித் தீயைக் குறைத்தார்கள். கொதி அடங்கியது. சட்டியில் பயறு அசையாமல் கிடந்தது.

"எப்ப வேகும் மாமி?"

"நீங்க போன பெறவு வேகும்."

"வேகாத பயற விருந்தாளிக்கு வைக்கது எனக்கு வழக்கமில்ல" என்று மட்டும் கறிச் சட்டியைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, விரிப்புப் போட்டு, தட்டு வைத்தாயிற்று. நெய்ச்சோற்று வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ரசீத் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"உம்மா, சால்னா?"

"பயறு வேகல."

கொஞ்ச நேரம் போயிற்று. மாமா நஃபீஸத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. அவளுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும் என்றார். ஊசி என்றால் அவளுக்கு ரத்தம் எடுக்கிற ஊசி மட்டும்தான் தெரியும்.

"உம்மா, ஆச்சா?"

"ஆகல."

மாமாவின் வயிறு சத்தம் போட்டது. எல்லோரும் கேட்கும்படியாகத்தான். ரசீத் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"அஞ்சு நிமிஷம் கொதிச்சாப் போதும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன். சேனல்ல நான் ஒண்ணு சொல்லுதேன், வீட்டுல நீ ஒண்ணு செய்யுதே. தள்ளு."

சட்டி நகரும் சத்தம். பயறைத் தண்ணீரோடு கறியில் கொட்டும் சத்தம். சால்னாக் கிண்ணத்தோடு அவரே வந்தார். மாமாவின் தட்டில் சோறு வைத்து, மேலே கறியும் பயறும் ஊற்றினார். பயறுகள் சோற்றின் மேல் கூழாங்கல் போல உருண்டு நின்றன.

"பிஸ்மி சொல்லுங்க மாமா."

மாமா கையை நீட்டினார்.

ஜுபைதா பீவி சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்கள். வேற்று ஆண்கள் இருக்கிற கூடத்தில் நின்று பேசுகிறவர்களாகத் தெரியவில்லை. குரல் மட்டும் நடுங்காமல் வந்தது.

"அண்ணாச்சி, அதத் திங்காதிய. பயறு வேகல. வேகாதத தின்னா வயித்தால போகும், வாந்தி எடுக்கும். விஷம்லா."

மாமாவின் கை தட்டுக்கு மேலே நின்றது.

ரசீத் சிரித்தார். "பழைய ஆளு மாமா. இப்படித்தான் பயமுறுத்துவாவ. நீங்க சாப்பிடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். சாப்பிடட்டுமா என்று கேட்கிற பார்வை. இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு அதுதான் கேள்வி.

"மாப்பிள்ள மொதல்ல ஒரு வாய் சாப்பிடட்டும் மாமா" என்றேன். "வீடியோவுல பச்சையாவே தின்னாவ. இது பாதி வெந்திருக்கு. அவங்களுக்கு என்ன வந்துரப்போகுது."

ரசீத் தன் தட்டைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். குச்சியில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது.

"நான் இன்னைக்கு நோன்பு" என்றார்.

மாமா கையைக் கீழே இறக்கினார். தட்டில் அல்ல, முழங்காலில்.

"ஞாயித்துக்கெழமை என்ன நோன்பு?"

"ரமலான்ல விட்டுப்போன நோன்பு மாமா. திரும்ப வைக்கேன்."

"காலையில சர்பத் குடிச்சியே."

"மறந்து குடிச்சிட்டேன். மறதியாக் குடிச்சா நோன்பு முறியாதுல்லா."

சட்டம் மட்டும் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். மாமா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தையில் மூட்டையைப் பார்க்கிற அதே பார்வை. இவ்வளவு நேரம் அது எங்கே போயிருந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சரி, ஒருக்கா மறந்துட்டே. இப்ப பள்ளிவாசலுக்கு எதுத்தாப்புல கடையில நின்னு டீ குடிச்சியே. நான்தான வாங்கிக் குடுத்தேன். வடை வேற தின்னே. அதுவும் மறதியாலே?"

ரசீத்துக்கு அதற்குச் சட்டம் தெரியவில்லை.

மாமா எழுந்தார். மடித்துவிட்ட சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டார். கை காய்ந்தே இருந்தது. "சபீதா, கெளம்பு" என்றார்.

"மாமா, உக்காருங்க, வேற கறி இருக்கு, பயறு இல்லாம..."

"இருக்கட்டும் தம்பி."

அதுவரைக்கும் மாப்ளே என்று கூப்பிட்டவர், முதல் தடவையாகத் தம்பி என்றார். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

நான் சொல்லிக்கொள்வதற்காக அடுப்படிக்குப் போனேன். ஜுபைதா பீவி மறுபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ரசீத் கொட்டியது போகச் சட்டியில் பாதிப் பயறு மிச்சம் இருந்தது. அதற்குத் தண்ணீரை மாற்றியிருந்தார்கள். தீ பெரிதாக எரிந்துகொண்டிருந்தது.

"வாரேன் மாமி. நீங்க..." என்று ஆரம்பித்தேன். மகனோடு இவர்கள் இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள்.

"போயிட்டு வா. நான் நல்லா வேகவச்சுத் திங்கேன்" என்றார்கள். "அவன் மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான். பெறவு பசிக்கும்ல."

பஸ் நிலையத்தில் மாமா ஒரு கடைக்குள் நுழைந்து புரோட்டா சொன்னார். இரண்டு தின்று முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"காயக் கட்டித் தொங்க விட்டான் பாரு, அது எனக்குப் பெரிசாத் தெரியல. தொழில்ல அதெல்லாம் உள்ளதுதான். நோன்புன்னு பொய் சொல்லுதான் பாத்தியா? அதுவும் என் டீயக் குடிச்சிட்டு."

"நூலப் பாத்தப்பவே எந்திரிச்சிருக்கணும் மாமா."

"நூலுக்கெல்லாம் எந்திரிச்சா சந்தையில ஒரு நாளு உக்கார முடியாது."

"அந்த ஒரு வாய் அவரு தின்னிருந்தா?"

மாமா சால்னாவை வழித்தார். "தின்னிருந்தா நானும் தின்னிருப்பேன்" என்றார். சொல்ல வெட்கப்படவில்லை. என் தங்கையின் வாழ்க்கை இவருடைய ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு புரோட்டா சொன்னார்.

அவருடைய போன் அடித்தது. புரோக்கர். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "முடியலவே. பயறு வேகல" என்று சொல்லி வைத்துவிட்டார். புரோக்கர் அந்தப் பக்கம் என்ன புரிந்துகொண்டாரோ.

வெளியே வந்து நஃபீஸத்துக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குச் சாயங்காலம் வரை வேலை உண்டு. இரண்டாவது தடவைதான் எடுத்தாள். எப்படிச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று பஸ் நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"சாப்டியளா?" என்றாள்.

"இல்ல."

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"சரி லாத்தா, ஒரு பிள்ள கைய நீட்ட மாட்டேங்குது. அதோட உம்மாவுக்கே மயக்கம் வருது, புடிக்க ஆளில்ல. வைக்கட்டா?" என்றாள். நான் சரி என்பதற்குள் வைத்துவிட்டாள்.